இருபது நிமிடச் சாப்பாட்டுக்குப் பின்னால் எண்ணூறு ஆண்டுகள்

கொதிக்கிற உப்புத் தண்ணீரில் பாஸ்தாவைப் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் வெண்ணெயில் இரண்டு பல் பூண்டை வதக்கி, ஒரு டப்பா கிரீமை ஊற்றி, கைப்பிடி சீஸைத் தூவிக் கிளறினால் போதும். வடித்த பாஸ்தாவை அதில் புரட்டி எடுத்தால் நான்கு பேருக்கான இரவுச் சாப்பாடு தயார். கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும். இந்தச் சாப்பாட்டைப் பற்றி வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற இன்றைய குடும்பத்தின் அவசரத்தில் பிறந்த பண்டம், இதற்கு ஏது வரலாறு என்பது ஒரு பேச்சு. இத்தாலியர் பொத்திப் பொத்தி வளர்த்த சமையலை அமெரிக்கர்கள் கிரீமைக் கொட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. பழைய சமையல் நூல்களையும் வணிக ஆவணங்களையும் புரட்டினால் இரண்டு பேச்சும் நிற்காது. பாஸ்தாவைப் பால்கொழுப்பில் புரட்டும் வழக்கம் தக்காளி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே இருந்தது. பின்னால் வந்து சேர்ந்தது வேகம் மட்டும்தான். அந்த வேகமும் எந்த வீட்டுச் சமையலறையிலும் பிறக்கவில்லை. உலர்த்தும் முற்றத்திலும், சீஸ் கிடங்கிலும், பால் ஆலையிலும் யாரோ முன்கூட்டிச் செலவழித்த நேரம்தான் நம் அடுப்பங்கரையில் மிச்சமாகக் கணக்கு வைக்கப்படுகிறது. இந்தச் சாப்பாட்டின் வரலாறு என்பது, சமைக்கும் நேரம் வீட்டைவிட்டு வெளியேறிய வரலாறு.

முதலில் வெளியேறியது மாவு பிசைந்து, இழைத்து, காயவைக்கும் வேலை. அது நடந்து எட்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது. சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் 1154-இல் முடித்துக் கொடுத்த நூலில், பலெர்மோவுக்கு அருகே டிராபியா என்னும் ஊரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆறுகளும் ஆலைகளும் நிறைந்த அந்த ஊரில் நூல் போன்ற மாவுப்பண்டம் ஏராளமாகச் செய்யப்பட்டு, கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாகப் போகிறது என்கிறார் அவர். ஜெனோவாவில் 1279-இல் ஒரு நோட்டரி எழுதிய சொத்துப் பட்டியலில், ஒரு படைவீரன் விட்டுச்சென்ற உடைமைகளுக்கு நடுவே ஒரு பெட்டி நிறைய மக்கரோனி இடம்பெறுகிறது. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து வெனிஸ் திரும்பியது 1295-இல். அவர்தான் பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற கதையைப் பரப்பியதில் பெரும்பங்கு, அமெரிக்க மக்கரோனி உற்பத்தியாளர் சங்கத்தின் பத்திரிகையில் 1929-இல் வந்த ஒரு கட்டுரைக்கு உண்டு. இந்த ஆவணங்கள் காட்டும் பாஸ்தா, வீட்டில் அன்றன்றைக்குத் திரட்டிப் போடும் பண்டம் அல்ல. சொத்தாக எழுதிவைக்கத்தக்க, கப்பலில் ஏற்றத்தக்க, மாதக்கணக்கில் கெடாத சரக்கு. டியூரம் என்னும் கடினக் கோதுமையை ரவைப் பதத்தில் உடைத்துத் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்தால், காய்ந்தபின் அது கல்லாக இறுகும். கொதிநீரில் போட்டாலும் கரையாது. கடைக்காரர் அலமாரியில் பாஸ்தா காத்துக்கிடக்க முடிகிறது என்பதுதான் விரைவுச் சமையலின் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனை பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நிறைவேறிவிட்டது.

ஆனால் அந்த நாளின் பாஸ்தாவை யாரும் அவசரத்துக்குச் சமைத்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் திருச்சபைப் பெரியவர் ஒருவரிடம் சமையல்காரராக இருந்த மார்ட்டினோ எழுதிய நூலில், சிசிலி மக்கரோனியை வெயிலில் காயவைத்தால் இரண்டு மூன்று ஆண்டு இருக்கும் என்ற குறிப்போடு, அதை இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. இன்றைக்குப் பத்து நிமிடத்தில் வேகிற பண்டத்துக்கு அன்றைக்கு இரண்டு மணி நேரம். உருவம் தடிமனாக இருந்தது ஒரு காரணம். குழைய வெந்ததுதான் நல்ல பாஸ்தா என்று அக்கால நாக்கு நினைத்தது இன்னொரு காரணம். வெந்ததன் மேல் என்ன போட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். ரோம் பாணி மக்கரோனிக்கு மார்ட்டினோ சொல்வது நல்ல சீஸ், வெண்ணெய், இனிய மசாலாப் பொடி. அதற்கு முன்பே, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ஏட்டில் அவித்த மாவுத் துண்டுகளுக்குக் கீழும் மேலும் துருவிய சீஸும் வெண்ணெயும் போடச் சொல்லியிருக்கிறது. பொக்காச்சோவின் ‘டெக்கமரான்’ கதை ஒன்றில் வரும் கற்பனை ஊரில் துருவிய பார்மிஜானோ சீஸே மலையாக நிற்கிறது. அதன் மேல் நிற்பவர்கள் மக்கரோனி அவிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்த செய்முறைகள் அச்சில் தலைகாட்டத் தொடங்கியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒட்டித்தான். வயதை வைத்து மரபைத் தீர்மானிப்பதானால் சிவப்புக் குழம்புதான் இளையது. வெள்ளைக் குழம்பு மூத்தது.

இவ்வளவு சொன்னபிறகு ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் ஏழை மக்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே மக்கரோனியை வாங்கிக் கையாலேயே எடுத்துத் தலையை அண்ணாந்து தின்றார்களே, அது விரைவுச் சாப்பாடு இல்லையா? 1787-இல் அங்கே தங்கியிருந்த ஜெர்மன் கவிஞர் கேத்தே, மலிவான இந்த மாவுப்பண்டம் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது, வெறும் தண்ணீரில் அவித்துத் துருவிய சீஸைப் போட்டுத் தருகிறார்கள் என்று பதிந்திருக்கிறார். உண்மைதான், தின்பவருக்கு அது விரைவுதான். அந்த விரைவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. தெருவோரக் கொப்பரை காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. விறகுச் செலவும் காத்திருப்பும் கடைக்காரருடையவை. அவருக்கும் முன்னால் பட்டறைக்காரர்கள் இருந்தார்கள். ரவையைப் பிசைய அங்கே நீண்ட மரத்தடி ஒன்றை ஒரு முனையில் பொருத்தியிருப்பார்கள். மறுமுனையில் பல ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் எழும்பி எழும்பி உட்கார, அவர்கள் உடல் எடையால் தடி கீழே கிடக்கும் மாவை அழுத்தும். பிசைந்த மாவைத் திருகு அச்சில் வைத்து, துளையிட்ட வெண்கலத் தட்டின் வழியே பிழிந்து, மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். அதற்குமேல்தான் உண்மையான வேலை தொடங்கும்.

பாஸ்தாவைக் காயவைப்பது வடகம் காயவைப்பதைப் போல மொட்டைமாடியில் பரப்பிவிட்டு மறந்துவிடும் வேலை அல்ல. வெளிப்புறம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் இழை வெடித்து, கொதிநீரில் துண்டு துண்டாகும். மெதுவாகக் காயவிட்டால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நேப்பிள்ஸ் வட்டாரத்துக் கைவினைஞர்கள் மூன்று கட்டமாகக் காயவைத்தார்கள். முதலில் வெயிலிலும் காற்றிலும் மேல்தோல் மட்டும் இறுகும் வரை; பிறகு குளிர்ந்த நிலவறையில், உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து இழை மீண்டும் இளகும் வரை; கடைசியாகக் காற்றோட்டமான நிழலில், முழுக்க உலரும் வரை. வானிலையைப் பொறுத்து ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரைகூட ஆகும். எந்தக் காற்று வீசும்போது சன்னலைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று தலைமைக் கைவினைஞர் ஒருவர் தீர்மானிப்பார். கிரக்னானோ என்ற மலையடி ஊர் இந்தத் தொழிலில் பேர் எடுத்ததற்கு, பக்கத்துப் பள்ளத்தாக்கின் நீராலைகளோடு, கடற்காற்றும் மலைக்காற்றும் மாறி மாறி அந்த ஊர்த் தெருவில் வீசியதும் காரணம். தெரு நெடுகக் கழிகளில் பாஸ்தா தொங்கும் பழைய நிழற்படங்களைப் பார்ப்பவர்கள் அதை அழகான காட்சியாக ரசிப்பார்கள். உண்மையில் அது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பல வாரக் கூலி வேலை. இந்தக் காத்திருப்பைத்தான் 1933-இல் பிரைபாந்தி சகோதரர்கள் அறிமுகப்படுத்திய தொடர் இயந்திரமும், அதன் பிறகு வந்த வெப்ப அறைகளும் படிப்படியாகச் சுருக்கின. 1970-களில் அதிவெப்ப உலர்த்தல் பரவியபோது வாரக்கணக்கு மணிக்கணக்கானது.

இரண்டாவது கணக்கு சீஸ் கிடங்கில் இருக்கிறது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா வட்டாரத்தில் பார்மிஜானோ செய்பவர்கள் மாலைக் கறவைப் பாலை அகலமான, ஆழமில்லாத தொட்டிகளில் இரவு முழுக்க விட்டுவைப்பார்கள். விடிவதற்குள் பாலேடு மேலே மிதந்துவிடும். அதை வழித்தெடுத்துவிட்டு, கொழுப்புக் குறைந்த அந்தப் பாலோடு காலைக் கறவையைச் சேர்த்துச் செம்புக் கொப்பரையில் உறையவைப்பார்கள். ஏறத்தாழ 550 லிட்டர் பால் சேர்ந்தால் நாற்பது கிலோ அளவில் ஒரு வட்டு கிடைக்கும். அது சில வாரம் உப்புநீரில் கிடந்தபின், பலகை அடுக்குகளில் குறைந்தது பன்னிரண்டு மாதம் முதிர வேண்டும். இருபத்துநான்கு மாதம் காத்திருப்பதும் வழக்கம். வழித்தெடுத்த பாலேடு வெண்ணெயாகப் போகும். ஆக, வெண்ணெயும் பார்மிஜானோவும் ஒரே பாலில் ஓர் இரவில் பிரிந்த இரண்டு பங்குகள். அவற்றைச் சூடான பாஸ்தாவின் மேல் மறுபடி சேர்க்கும்போது கிடைக்கும் வழுவழுப்பு, பாலின் பழைய உருவத்தை வேறு பக்குவத்தில் மீட்பதுதான். சுவைக்கு வேண்டிய நேரம் முழுவதும் கிடங்கில் செலவாகிவிடுவதால், வீட்டில் மிஞ்சுவது துருவும் வேலை ஒன்றுதான். வட இத்தாலியில் இந்தச் சேர்க்கை பண்டிகைக்கும் உரியதாக இருந்தது, நோயாளிக்கும் குழந்தைக்கும் உரியதாகவும் இருந்தது. பாஸ்தாவை வெண்ணெய், சீஸ் தவிர வேறொன்றும் சேர்க்காமல் வெள்ளையாகக் கொடுப்பது வயிற்றைக் கெடுக்காத பத்தியம் என்பது வீட்டு வழக்கம்.

கிரீமை நேரடியாகப் பாஸ்தாவில் ஊற்றியவர்கள் யார் என்று தேடினால், அமெரிக்காவைப் பழிப்பவர்கள் சற்றே நிதானிக்க வேண்டியிருக்கும். எலிசபெத் ராஃபால்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1769-இல் வெளியிட்ட இல்லத்தரசிகளுக்கான சமையல் நூலில், மக்கரோனியை மெத்தென்று அவித்து வடித்து, நல்ல கிரீமும் மாவில் புரட்டிய வெண்ணெய்க் கட்டியும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே பார்மிஜானோ போடச் சொல்கிறார். அமெரிக்கா அப்போது தனி நாடாகக்கூட ஆகவில்லை. 1824-இல் வந்த மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனியா நூலில் மக்கரோனியைப் பாலும் தண்ணீரும் கலந்து அவித்து, சீஸும் வெண்ணெயும் அடுக்கி அடுப்பில் வைக்கும் முறை இருக்கிறது. அந்த முறையை அன்றைய வர்ஜீனியாவில் அடுப்படியில் நின்று செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினச் சமையல்காரர்கள். தாமஸ் ஜெஃபர்சன் தம் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸைப் பாரிசுக்கே அழைத்துப்போய்ப் பிரெஞ்சுச் சமையல் பயிற்றுவித்தார். தம் சகோதரருக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே ஹெமிங்ஸுக்கு 1796-இல் விடுதலை கிடைத்தது. சீமான் வீட்டு விருந்தில் மக்கரோனி சூடாக வந்து இறங்கியதென்றால், விருந்தினருக்கு அது நொடிப்பொழுது; அதற்குச் செலவான நேரமோ கூலியே இல்லாமல் பிடுங்கப்பட்டது. நேரம் இடம் மாறுவது எப்போதும் இயந்திரத்தால் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு இது கொடுமையான சான்று.

இன்றைய கிரீம் பாஸ்தாவின் நேரடி மூதாதை ரோமில் பிறந்தது. அல்ஃப்ரெடோ தி லேலியோ தம் தாய் நடத்திய சிற்றுண்டிச்சாலையில், 1908-இல் பிள்ளை பெற்று உடல் தேறாமலிருந்த மனைவி இனெஸுக்காக வெண்ணெயும் பார்மிஜானோவும் தாராளமாகச் சேர்த்த முட்டை மாவு ஃபெத்துச்சினியைச் செய்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. 1914-இல் வியா தெல்லா ஸ்க்ரோஃபா தெருவில் அவர் தனிக் கடை போட்டார். 1920-இல் தேனிலவுக்கு வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அங்கே சாப்பிட்டு மயங்கிப்போய், பின்னர் தங்கத்தில் கரண்டியும் முள்கரண்டியும் அனுப்பிவைக்க, கடையின் பெயர் கடல் தாண்டியது. அல்ஃப்ரெடோவின் தட்டில் கிரீம் ஒரு சொட்டும் இல்லை. வழுவழுப்பு முழுவதும் மணிக்கட்டின் வேலை. அவித்த நீரில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்படியே பாஸ்தாவைத் தட்டுக்கு மாற்றி, வெண்ணெயையும் பொடியாகத் துருவிய இளம் பார்மிஜானோவையும் போட்டு, மேசையருகிலேயே தூக்கித் தூக்கிப் புரட்டுவார். நீரில் கரைந்த மாவுச்சத்து, உருகும் வெண்ணெயின் துளிகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்ள, சீஸின் புரதம் அதில் கலந்து பளபளப்பான குழம்பாகும். சூடு சற்றே கூடினால் சீஸ் திரண்டு ரப்பராகும். ஆறினால் வெண்ணெய் தனியே பிரிந்து எண்ணெய்ப் பிசுக்காகும். அந்த இரண்டுக்கும் நடுவே ஓரிரு நிமிட இடைவெளிதான். வாடிக்கையாளருக்கு அது வேடிக்கை, சமைப்பவருக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

அமெரிக்க வீட்டுக்கு இந்தத் தட்டு போனபோது பழக்கப்பட்ட மணிக்கட்டு கூடவே போகவில்லை. கடையில் கிடைத்ததோ டப்பாவில் அடைத்த உலர்ந்த சீஸ் பொடி. வெண்ணெயோடு எவ்வளவு புரட்டினாலும் எளிதில் இணங்காத பொடி. கிரீம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அது ஏற்கெனவே கொழுப்பும் நீரும் பிரியாமல் கலந்த குழம்பு. கொதித்தாலும் திரியாது, பிள்ளைகள் கையலம்பி வரும்வரை காத்திருக்கும். 1966-இல் பென்சில்வேனியா டச் என்ற நூடுல்ஸ் நிறுவனம் தன் ஃபெத்துச்சினிப் பொட்டலத்தின் மேலேயே வெண்ணெய், பார்மிஜானோவோடு கிரீமும் சுவிஸ் சீஸும் சேர்த்த அல்ஃப்ரெடோ செய்முறையை அச்சிட்டது. இதைச் சமையல் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. கிரீம் சும்மா வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பாலேடு மிதப்பதற்கு ஓர் இரவு காத்திருந்த வேலையை, ஸ்வீடனின் குஸ்தாஃப் தெ லாவால் 1878-இல் உருவாக்கிய சுழல் பிரிப்பான் நிமிடக்கணக்காக்கியது. அதே நாட்டின் டெட்ரா பேக் நிறுவனம் 1952-இல் தன் முதல் இயந்திரத்தைப் பால்பண்ணைக்குக் கொடுத்தபோது அதில் அடைக்கப்பட்டது நூறு மில்லிலிட்டர் கிரீம்தான். பிறகு கிருமி நீக்கிய அட்டைப்பெட்டிகள் வந்து, மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் கிரீம் சாத்தியமாயிற்று. அல்ஃப்ரெடோவின் மணிக்கட்டில் இருந்த வித்தை பால் ஆலைக்கு இடம்பெயர்ந்தது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்த இடப்பெயர்ச்சியின் உச்சம் கிரீம்கூட இல்லாத ஒரு பெட்டி. முதல் உலகப் போரில் இத்தாலியிலிருந்து சரக்கு வருவது நின்றதும் அமெரிக்க மக்கரோனி ஆலைகள் பெருகின. அதற்குச் சற்று முன்புதான், அந்நாட்டு வேளாண் துறையின் மார்க் கார்ல்டன் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த டியூரம் வகைகள் வடக்கு டகோட்டாச் சமவெளியில் வேரூன்றியிருந்தன. சீஸ் பக்கத்தில் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் சிட்ரேட் உப்பைச் சேர்த்து, சூட்டில் கொழுப்புப் பிரியாத சீஸ் செய்திருந்தார்கள். 1916-இல் ஜேம்ஸ் கிராஃப்ட் தம் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். செயின்ட் லூயிஸ் நகர விற்பனையாளர் ஒருவர் மக்கரோனிப் பெட்டியோடு சீஸ் பொட்டலத்தை ரப்பர் வளையத்தால் கட்டி விற்றதைப் பார்த்து, கிராஃப்ட் நிறுவனம் 1937-இல் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டது. விலை 19 சென்ட். ஒன்பது நிமிடத்தில் நான்கு பேருக்குச் சாப்பாடு என்பது விளம்பரம். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் முதல் ஆண்டிலேயே 80 லட்சம் பெட்டி விற்றது. போர்க்காலத்தில் இறைச்சிக்கும் பால்பொருள்களுக்கும் ரேஷன் வந்தபோது ஒரு ரேஷன் புள்ளிக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. பால்கொழுப்பில் புரட்டிய விரைவுப் பாஸ்தா, ‘குடும்பச் சாப்பாடு’ என்ற பெயரோடு கடைக்கு வந்தது இங்கேதான். அது வசதியின் கொழுப்பில் பிறக்கவில்லை; பஞ்சமும் போரும் கையிருப்பைச் சுருக்கிய வீட்டில் பிறந்தது.

இத்தாலியர் கிரீமைத் தொடுவதில்லை என்ற மறுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. இன்றைய ரோமில் கார்பொனாரா என்ற பாஸ்தாவில் கிரீம் சேர்த்தால் சண்டைக்கு வருவார்கள் என்பது உண்மை. நேற்றைய நிலை வேறு. இத்தாலிய வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடியாக இருந்தது என்று சொல்லத்தக்க பெல்லெக்ரினோ அர்த்தூசியின் சமையல் நூல் 1891-இல் வந்தது. அதில் பொலோன்யா பாணி மக்கரோனிக்கு, இறக்குவதற்கு முன் அரை கோப்பை கிரீம் சேர்த்தால் இன்னும் சுவைக்கும் என்று அவர் எழுதுகிறார். கார்பொனாராவின் செய்முறை ‘லா குச்சினா இத்தாலியானா’ இதழில் 1954-இல் அச்சானபோது அதில் பூண்டும் சுவிஸ் கிரூயேர் சீஸும் இருந்தன. இத்தாலியச் சமையலைப் புதுப்பித்தவராகக் கொண்டாடப்படும் குவால்த்தியேரோ மார்க்கேசியே தம் கார்பொனாராவில் கிரீம் சேர்த்தவர்தான். 1970, 80-களில் ஹாம், பட்டாணியோடு தொர்த்தெல்லினி, வோட்கா சேர்த்த பென்னே, சால்மன் மீனோடு ஃபார்ஃபல்லே என்று கிரீமில் மிதந்த தட்டுகள் இத்தாலிய உணவகங்களையும் வீடுகளையும் ஆண்டன. ஆலைவேலைக்கும் அலுவலகத்துக்கும் பெண்கள் போகத் தொடங்கிய, பெட்டிக் கிரீம் கடைகளில் நிறைந்த அதே காலம் அது. கிரீம் கூடாது என்ற கண்டிப்பு அந்த வெள்ளத்துக்குப் பின் வந்த எதிர்வினை. எதிர்வினைக்கும் நியாயம் உண்டு. எல்லாத் தட்டும் ஒரே சுவையாகிப்போனது என்பது பொய்யில்லை. ஆனால் அதைத் தொன்றுதொட்ட மரபு என்று சொல்ல ஆவணங்கள் இடம் தரவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய ‘மோர் ஒர்க் ஃபார் மதர்’ என்ற நூலிலிருந்து எழுகிறது. வீட்டுக்குள் வந்த இயந்திரங்களும் ஆலைப் பொருள்களும் குறைத்தது பெரும்பாலும் ஆண்கள், பிள்ளைகள், வேலையாட்கள் ஆகியோர் செய்துவந்த வேலையைத்தான். இல்லத்தரசியின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை, எதிர்பார்ப்புகளின் தரம்தான் உயர்ந்தது என்பது அவர் வாதம். அப்படியானால் நேரம் வீட்டைவிட்டு வெளியேறியது என்று சொல்வது பொருந்துமா? பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. ஒரு தட்டுக்கு ஆகும் நேரம் வெளியேறியது. சமைப்பவரின் நாள் அதனால் நீளவில்லை. ஒன்பது நிமிடத்தில் சாப்பாடு தயார் என்ற விளம்பரம் சமைக்க வேண்டியது யார் என்ற கேள்வியைத் தொடவே இல்லை. அடுப்பில் மிச்சமான நிமிடங்களைத் துணி, பிள்ளைகள், சம்பள வேலை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. ஆலை தன் பங்கைச் செய்தது. வீட்டுக்குள் பங்கீடு மாறவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், பெட்டி உணவே விடுதலை என்றும், பெட்டி உணவே சீரழிவு என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

ஆகவே கிரீம் பாஸ்தாவை எடைபோட ‘அசலா, போலியா’ என்ற தராசு உதவாது. எந்த நேரம் எங்கே போனது, போன இடத்தில் அது நல்லவிதமாகச் செலவானதா என்று கேட்பதே பயனுள்ளது. மெதுவாகக் காய்ந்த பாஸ்தா நீருக்கு மாவுச்சத்தைத் தந்து குழம்பைப் பிடிக்கிறது. அவசரமாகக் காயவைத்தது அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இரண்டு ஆண்டு முதிர்ந்த சீஸ் ஒரு கைப்பிடி போதும். முதிராதது எவ்வளவு போட்டாலும் உப்புத்தான் தெரியும். இத்தாலி 1967-இல் சட்டம் போட்டு உலர் பாஸ்தாவில் டியூரம் கோதுமையைக் கட்டாயமாக்கியதும், பார்மிஜானோவுக்குப் பன்னிரண்டு மாத வரம்பு இருப்பதும், வெளியேறிய அந்த நேரத்தை யாரும் திருடிவிடாமல் காக்கும் ஏற்பாடுகள். வீட்டில் செலவாகும் இருபது நிமிடம் குறைவு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கடைப் பொருளைக் கொண்டு விரைவாகச் செய்வது சமையலே அல்ல என்று இன்னும் ஒருவர் சொல்வாரானால், அவர் கோட்டை எங்கே போடுகிறார் என்று கேட்க வேண்டும். பெட்டிக் கிரீமில் போட்டால் அர்த்தூசி தப்புவார், அல்ஃப்ரெடோ தப்புவார். ஆனால் அவர்களும் சீஸைக் கிடங்கிலிருந்து வாங்கியவர்கள்தான். வீட்டில் செய்யாத எதையும் ஏற்க மாட்டேன் என்று போட்டால், எமிலியாவின் வீடுகளில் பெண்கள் கட்டையால் உருட்டிய முட்டை மாவுத் தகடு மட்டுமே மிஞ்சும். நேப்பிள்ஸும் ஜெனோவாவும் டிராபியாவும் பாஸ்தாவின் வரலாற்றைவிட்டே வெளியேற வேண்டியிருக்கும்.